ஜூலையில் பூத்தால் போதுமா?

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள். அவள் தோட்டத்தில் ஜூன், ஜூலையில் லாவெண்டர் பூத்துக் குலுங்கும். மயிர் அடர்ந்த குண்டுத் தேனீக்கள் நிறைய வரும். போன மார்ச்சில் அப்படி ஒரு பெரிய தேனீ பறக்க முடியாமல் புல்லில் கிடந்ததை வீடியோ காலில் காட்டினாள். இத்தனை பூச்செடி வைத்துமா பட்டினி, அம்மா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அது பம்பிள் தேனீயின் ராணியாகத்தான் இருக்கும். போன கோடையின் கடைசியில் பிறந்து, இணை சேர்ந்து, குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியாக உறங்கிவிட்டு எழுந்து வந்தவள். உடம்பில் சேர்த்த கொழுப்பு அநேகமாகக் கரைந்திருக்கும். பறக்க வேண்டுமானால் மார்புத் தசை 30 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும், அதற்குப் பூந்தேன் வேண்டும். மார்ச்சில் அது கிடைக்கவில்லை என்றால் ஜூலை லாவெண்டர் அவளுக்கு என்ன செய்யும்?

நம் அடுக்குத் தேனீ பூ இல்லாத மாதங்களுக்கு அடையில் தேன் சேர்த்து வைக்கும். பம்பிள் தேனீயோ தினக்கூலிக் குடும்பம் மாதிரி. கூட்டில் இருப்பது சில நாளைக்கான உணவுதான். அதனால் மொத்தத்தில் எவ்வளவு பூ என்பதைவிட எப்போது பூ என்பதுதான் அதற்கு முக்கியம்.

ராணி பழைய எலி வளை போன்ற ஓரிடம் பார்த்து, மகரந்த உருண்டை பிடித்து, அதில் முட்டையிட்டு, வயிற்றுச் சூட்டால் அடைகாக்கிறாள். இரை தேடுவதும் அவளேதான். பூ தொலைவில் இருந்தால் அவள் திரும்புவதற்குள் முட்டையும் புழுவும் குளிர்ந்துவிடும். ஒரு மாதம்போலக் கழித்து முதல் வேலைக்காரத் தேனீக்கள் வரும். அடுத்த தலைமுறைக்கு இரை கொண்டுவர வேண்டியவை இவைதான். மகரந்தம் குறைந்த சமயத்தில் வளர்ந்தால் எண்ணிக்கையும் குறையும், உடம்பும் சிறுத்துப்போகும். சின்ன உடம்பு கொண்டுவரும் சுமையும் சின்னதுதானே? வேலைக்காரத் தேனீக்கு ஆயுளே சில வாரங்கள். அப்புறம் ஜூலையில் தோட்டமே பூத்தாலும் அள்ளி வர ஆள் இருக்காது.

சரி, தொடக்கத்தில் கிடைத்துவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. கூடு புதிய ராணிகளையும் ஆண்களையும் உண்டாக்குவது கடைசியில்தான். பழைய ராணியும் வேலைக்காரர்களும் செத்துப்போவார்கள். கொழுத்த புது ராணிகள் மட்டுமே அடுத்த ஆண்டைப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் எண்ணெய்க் கடுகு வயல்களை ஒட்டிய கூடுகளை ஆராய்ந்தபோது, அவை வசந்தத்தில் வேகமாக வளர்ந்தன. ஆனால் புதிய ராணிகளும் ஆண்களும் அதனால் கூடவில்லை. வயல் பூத்து ஓய்ந்த பிறகு சாப்பாட்டுக்கு எங்கே போவது? இங்கிலாந்துப் பண்ணை நிலங்களிலும் மார்ச்சிலும், ஆகஸ்ட் செப்டம்பரிலும்தான் பூந்தேனுக்குத் தட்டுப்பாடு. அதாவது கூட்டின் வாழ்க்கையில் மிக நெருக்கடியான இரண்டு நேரங்களிலும்!

இந்தத் தேனீக்கள் சும்மா காத்துக்கொண்டும் இருப்பதில்லை. 2020இல் சூரிக் ஆய்வாளர்கள் கண்டதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. மகரந்தம் கிடைக்காத பம்பிள் தேனீக்கள், பூக்காத செடிகளின் இலையைக் கடித்துச் சின்னச் சின்ன ஓட்டை போடுகின்றன. கடிபட்ட கருங்கடுகு இரண்டு வாரம்போல முன்னதாகப் பூத்தது. தக்காளி ஒரு மாதம் வரை முந்தியது. ஆய்வாளர்களே கருவியால் அதேபோல ஓட்டை போட்டுப் பார்த்தார்கள், அந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

லாவெண்டர் இருக்கட்டும். வசந்தத் தொடக்கத்திலேயே பூக்கும் கிரோக்கஸின் கிழங்கை இந்த இலையுதிர் காலத்திலேயே ஊன்றச் சொல்லுங்கள். கூடவே அதே சமயத்தில் பூக்கும் ஹெல்லிபோர், லங்வோர்ட் செடிகளும். ஆகஸ்டுக்குப் பிறகு பூக்க சீடம் (Sedum) என்ற செடியை வைக்கலாம். மறுபடி சோர்ந்த ராணியைப் பார்த்தால், வெள்ளைச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஒரு ஸ்பூனில் சில சொட்டு மட்டும் முன்னால் வைக்கட்டும். தேன் வேண்டாம், அதன் வழியே நோய் பரவலாம்.

கேள்வி: எங்கள் மாடித் தோட்டத்துக்குப் பெரிதாக, கறுப்பாக, ரீங்காரத்தோடு ஒன்று வருகிறது. அதுவும் பம்பிள் தேனீயா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: இல்லை. இந்தியாவில் பம்பிள் தேனீ இமயமலைப் பக்கத்துக் குளிர்ப் பிரதேசத்துக்கு உரியது. நீங்கள் பார்ப்பது தச்சுத் தேனீ. காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்து வாழும். ஆவாரம்பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும் அழகை நின்று பாருங்கள். நம் ஊரிலும் பூ ஒரே சீராகக் கிடைப்பதில்லை. பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்துக் கொட்டும். ஐப்பசி அடைமழையில் தேனீ வெளியே வருவதே கஷ்டம். மழை விட்டதும் பக்கத்திலேயே ஏதாவது பூத்திருந்தால் நல்லது. கோரல் வைன் என்று ஆங்கிலத்தில் சொல்லும் கொடிரோஜா இதற்கு அருமையான கொடி. துளசிக் கதிரை எல்லோரும் கிள்ளிவிடுகிறார்கள். மந்தைவெளியில் என் மாடியில் ஒரு தொட்டியை மட்டும் கிள்ளாமல் விட்டிருக்கிறேன், காலையிலேயே கொசுத் தேனீயும் கொம்புத் தேனீயும் வந்துவிடுகின்றன. நீங்களும் ஒரு தொட்டியை அப்படி விடுங்கள். மூங்கில் துண்டு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள்.