எட்டு வயதுப் பையனுக்கு அப்பாவின் ஷிப்ட் எதற்கு மனப்பாடம்?

கேள்வி: எனக்கு 47 வயது. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் தம்பியை நான்தான் வளர்த்தேன். இப்போது அவன் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் வேலை பார்க்கிறான். மனைவி ஊரிலிருந்து வந்தவர், நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறார். தொடக்கநிலை 2 படிக்கும் மகன், மூன்று வயது மகள். கொஞ்ச நாளாகப் பையன் உடம்பில் காயம் பார்க்கிறேன். தொடையின் பின்பக்கம் இரண்டு கோடு, போன மாதம் காதுக்குப் பின்னால் நீலம். கேட்டால் விளையாட்டுத் திடலில் சறுக்கில் விழுந்தேன் என்கிறான். அவன் அம்மா கட்டிலில் இடித்துக்கொண்டான் என்கிறார். தம்பி கோபக்காரன், ஆனால் பாசமானவன். எங்கள் அப்பா அவனை பெல்ட்டால் விளாசும்போது நான்தான் குறுக்கே போய் நிற்பேன். நாங்களும் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தானே? பையன் ரொம்பக் கெட்டிக்காரன். அப்பாவின் ஒரு மாத ஷிப்டும் மனப்பாடம். என் வீட்டுக் காலண்டரில் பகல் ஷிப்டுக்குச் சூரியன், இரவு ஷிப்டுக்கு நிலா, ஓய்வு நாளுக்குப் பெருக்கல் குறி என்று படம் போட்டு வைத்திருக்கிறான். அத்தை வீடு என்றால் அவனுக்கு உயிர். தம்பியிடம் நானே பேசலாமா, இல்லை தலையிடாமல் இருப்பதே நல்லதா? புகார் கொடுத்தால் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களாமே?
– சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி (கடிதம் சுருக்கப்பட்டது)

பதில்: நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். காயத்தைப் பற்றி ஒரு பத்தி, தம்பி பட்ட கஷ்டத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதைப் பற்றி இன்னொரு பக்கம். நடுவில், பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல ஒரே ஒரு இடத்தில் அந்தக் காலண்டர். எனக்கு மற்றதெல்லாம் அப்புறம். முதலில் காலண்டருக்கு வாருங்கள்.

அப்பா மேல் ஆசையாக இருக்கிற பிள்ளை "அப்பா எப்ப வருவாங்க?" என்று கேட்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டு நம் உயிரை எடுக்கும், பதில் சொன்னாலும் மறந்துவிட்டு மறுபடி கேட்கும். எட்டு வயது அப்படித்தான். இந்தப் பிள்ளை கேட்கவில்லை. மாதம் முழுவதையும் மனதில் ஏற்றிக்கொண்டு, அதைத் தன் வீட்டுச் சுவரில் எழுதாமல் உங்கள் வீட்டுக்கு வந்து எழுதியிருக்கிறான். எந்த நாள் யார் வீட்டில் இருப்பது நல்லது என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான், சகோதரி. நீங்கள் அதை ஓவியம் என்று நினைத்துப் பெருமைப்படுகிறீர்கள்.

இப்போதே எழுந்து போய் அந்தத் தாளைப் பாருங்கள். கைத்தொலைபேசியையும் எடுத்துக்கொள்ளுங்கள். "அத்தை, இன்னிக்கு உங்க வீட்டுலயே இருக்கட்டுமா?" என்று அவன் கேட்ட நாட்களும், அவன் அம்மா 'கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா அண்ணி' என்று செய்தி அனுப்பிய நாட்களும் அதில் இருக்கும். ஒவ்வொன்றாகக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நிலாவிலோ பெருக்கல் குறியிலோ வந்து விழுந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுக்கிற மனிதர் மதியம் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். பையன் பள்ளி விட்டு வருவது அந்த நேரத்தில்தான். இரண்டு அறை தள்ளி மூன்று வயதுக் குழந்தை. மூன்று வயதுக் குழந்தையைச் சத்தம் போடாமல் வைத்திருக்க யாரால் முடியும்? ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் தரையில் விழுந்தால் போதும். அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்த மாதிரி நான் சொல்ல முடியாது, ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியும், தெரிந்ததை அவனுக்கு வந்த விதத்தில் வரைந்து உங்கள் சுவரில் மாட்டியிருக்கிறான்.

காயத்துக்கு வருகிறேன். விழுகிற பிள்ளைக்கு எங்கே அடிபடும் என்று பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும். முட்டி, காலின் முன்பக்க எலும்பு, முழங்கை, நெற்றி. எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடங்கள். காதுக்குப் பின்னால், கழுத்தில், கன்னத்தின் சதையில், முதுகில், பிட்டத்தில், தொடையின் பின்பக்கத்தில் சறுக்கிலிருந்து விழுந்து அடிபடுவது அபூர்வம். இரண்டு கோடு என்று எழுதியிருக்கிறீர்களே, பக்கத்துப் பக்கத்தில், நடுவில் தோல் வெளுத்து ஓடுகிற இரண்டு கோடு என்றால் அது பிரம்போ அதைப் போன்ற ஏதோ ஒரு கோலோ பட்ட தடம். ஒயரை மடித்து அடித்தால் வளைவாகப் பதியும். மருத்துவர்கள் முதலில் பார்ப்பதே இந்த மாதிரி அச்சுகளைத்தான், அதோடு சொல்லப்படுகிற கதை காயத்தோடு பொருந்துகிறதா என்பதையும். இங்கே பையன் சறுக்கு என்கிறான், அம்மா கட்டில் என்கிறார். ஒரே காயத்துக்கு இரண்டு கதை. அதையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே தம்பியின் பாசத்துக்குப் போய்விட்டீர்கள்.

"நாங்களும் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தானே" என்ற வரிக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. நம் வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பிரம்பு தொங்கிய காலம் எனக்கும் தெரியும், என் மூத்த மகனை நானும் அடித்திருக்கிறேன், அதை இன்று நியாயப்படுத்த மாட்டேன். பெற்றோர் கைநீட்டுவதை இந்த ஊர்ச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்யவில்லை, உண்மைதான். அதற்காக எப்படி அடித்தாலும் குடும்ப விஷயம் என்று அர்த்தமா? சிறார், இளையர் சட்டம் பிள்ளையைத் துன்புறுத்துவதைக் குற்றம் என்கிறது. முன்பு 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் இருந்த பாதுகாப்பை 2020இல் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் விரித்தார்கள். அடி மட்டும் இல்லை, பட்டினி போடுவதும், பயமுறுத்தியே வளர்ப்பதும், பார்த்துக்கொள்ளாமல் விடுவதும் அதற்குள் வரும்.

அப்புறம், உங்கள் அப்பாவின் பெல்ட்டுக்குக் குறுக்கே நீங்கள் நின்றீர்களே, அப்போது உங்களுக்கு என்ன வயது இருக்கும்? பன்னிரண்டு? பதின்மூன்று? யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நின்றீர்கள். அன்றைக்கு உங்கள் அத்தையோ சித்தப்பாவோ ஒருவர் வந்து நின்றிருந்தால் நீங்கள் நிற்க வேண்டியிருந்திருக்காது. இந்த வீட்டில் அந்த அத்தை நீங்கள். தம்பியை வளர்த்த கடமை முடிந்துவிட்டது, அவனுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. இப்போது உங்கள் கடமை அவன் பிள்ளைகளிடம் இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவர் என்றால் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருவதற்கு மட்டுமா?

தம்பியிடம் நீங்களே பேசலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். "பையன் உடம்பில் காயம் பார்த்தேன்" என்று நீங்கள் சொன்ன அன்று இரவு அந்த வீட்டில் யாருக்கு அடி விழும்? அத்தையிடம் என்னடா சொன்னாய் என்ற கேள்வி யாரிடம் போகும்? அதற்குப் பிறகு பையன் உங்கள் வீட்டுக்கு வருவது நிற்கும். அவனுக்கு இருக்கிற ஒரே கதவு உங்கள் வீட்டுக் கதவு, அதை உங்கள் கையாலேயே சாத்திவிடாதீர்கள்.

கூப்பிட வேண்டிய எண் 1800-777-0000. வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. அடி விழுந்துகொண்டிருக்கும்போதே தெரிய வந்தால் 999. உங்கள் பேட்டையில் இருக்கிற குடும்பச் சேவை நிலையத்துக்கு நேரிலும் போகலாம். எதையும் நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை, கவலைப்படுவதற்குக் காரணம் இருந்தாலே போதும், நல்லெண்ணத்தோடு தகவல் சொல்கிறவரைச் சட்டம் காக்கிறது. எதிர்முனையில் பேசுபவர் நிறையக் கேட்பார். பிள்ளைகளுக்கு என்ன வயது, எத்தனை நாளாக, முன்பைவிட அடிக்கடி நடக்கிறதா, எதை வைத்து அடிக்கிறார், தலையிலோ கழுத்திலோ கை பட்டிருக்கிறதா, குடிப்பாரா, மிரட்டுவாரா, அம்மாவையும் அடிக்கிறாரா, பிள்ளைகளோடு அவர் தனியாக இருக்கிற நேரம் எது, பிள்ளை ஓடிப்போய்ச் சொல்ல யார் இருக்கிறார். வம்புக்குக் கேட்கிற கேள்விகள் இல்லை இவை. இன்றைக்கே வீட்டுக்கு ஆள் போக வேண்டுமா, இந்த வாரத்துக்குள் போதுமா என்று அவர்கள் எடைபோடுவது இந்தப் பதில்களை வைத்துத்தான். தலை, காது, கழுத்துப் பக்கம் அடி வருகிறது என்றால் அவர்கள் அதைத் தனியாகக் கவனிப்பார்கள். நீங்கள் ஒரு வரிகூட அதிகம் எழுதாத அந்த மூன்று வயதுப் பெண்ணைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள். இப்படிப்பட்ட வீட்டில் அதிக ஆபத்து எப்போதும் சின்னதற்குத்தான். தப்பி ஓடத் தெரியாது, நடந்ததைச் சொல்லத் தெரியாது, ஒரே ஒரு முறை வேகமாக உலுக்கினாலும் அந்த உடம்பு தாங்காது.

நிலா, பெருக்கல் குறி எல்லாவற்றையும் சொல்லுங்கள். தாளைக் கிழிக்காதீர்கள், மாதம் முடிந்ததும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பையனை உட்கார வைத்து விசாரணை நடத்தாதீர்கள். "அப்பா அடிச்சாரா? எதால அடிச்சார்? எத்தனை தடவை?" என்று குடைந்தால் பயந்து மூடிக்கொள்வான், இல்லை உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வான், பின்னால் முறையாக விசாரிக்க வருகிறவர்களுக்கும் அது கெடுதல். படம் எடுக்கிறேன் என்று சட்டையைக் கழற்றச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மாவு பிசையுங்கள், துணி மடியுங்கள், அவனாகச் சொன்னால் கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள், அந்தச் சத்தியத்தை நீங்கள் மீறித்தான் ஆக வேண்டும், பிறகு பெரியவர்கள் யாரையும் நம்பமாட்டான். "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல, உதவி செய்யறவங்ககிட்ட நான் பேசறேன்" என்று சொல்லுங்கள். அவன் சொன்ன வார்த்தையை அதே வார்த்தையாகத் தேதியோடு எழுதி வையுங்கள், நம் வார்த்தையில் திருத்தாமல். பள்ளியிலும் ஆலோசகர் இருக்கிறார், அவருக்கும் தெரிவது நல்லது, ஆனால் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் ஒதுங்கிவிடாதீர்கள்.

தம்பி மனைவியைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. பெற்ற தாய் வாயைத் திறக்கவில்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். வருகை அனுமதி கணவர் கையெழுத்தில் நிற்கிறது, சொந்தம் எல்லாம் ஊரில், இங்கே தெரிந்த ஒரே பெரியவர் கணவனின் அக்கா. அந்தப் பெண் யாரிடம் வாயைத் திறப்பாள், சொல்லுங்கள்? இருந்தும் 'கூட்டிட்டுப் போறீங்களா அண்ணி' என்று உங்களுக்குச் செய்தி அனுப்புகிறாள். அவளால் முடிந்தது அது. தம்பி வீட்டில் இல்லாத நேரத்தில் அவளைத் தனியாகப் பாருங்கள். தனக்கும் பிள்ளைகளுக்கும் தனிநபர் பாதுகாப்பு ஆணை, அதாவது அடிக்கக் கூடாது என்று கணவருக்கு நீதிமன்றம் போடும் உத்தரவு, கேட்டு அவள் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது அவளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். வருகை அனுமதியைப் பற்றிய பயத்தைக் குடும்பச் சேவை நிலையத்தில் வைத்துப் பேசலாம், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். கைத்தொலைபேசியில் எதையும் எழுதி அனுப்பாதீர்கள், யார் பார்ப்பார்கள் என்று தெரியாது.

கடைசியாக, பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பேச்சு. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் அதிகாரிகள் முதலில் பார்ப்பது அந்த வீட்டையே பாதுகாப்பாக ஆக்க முடியுமா என்பதைத்தான். பிரித்துவைப்பது கடைசி வழி. அப்படியே தேவைப்பட்டாலும் பொருத்தமான சொந்தக்காரர் இருக்கிறாரா என்று முதலில் பார்ப்பார்கள். அந்தக் கேள்வி உங்களிடம் வரும்போது என்ன சொல்லப்போகிறீர்கள்? உங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, மகன் தேசிய சேவையில் இருக்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் இரண்டு மெத்தை போட முடியும். தம்பி கோபத்தில் உங்களோடு பேசாமல் போகலாம், ஒரு வருடம், ஐந்து வருடம். வலிக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். அவனுக்கும் உதவி தேவைதான், அதற்கும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவன் திருந்தும் வரைக்கும் பிள்ளைகள் அடி வாங்கிக் காத்திருக்க முடியாது.

முப்பது வருடத்துக்கு முன் நாங்கள் மூவறை வீட்டில் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பெண் குழந்தை அழும். அழுகை திடீரென்று நின்றுவிடும், அது அழுவதைவிடப் பயமாக இருக்கும். நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. பிறகு அவர்கள் வீடு மாறிப் போனார்கள். அந்தக் குழந்தை என்ன ஆனாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

காலண்டரில் அடுத்த நிலா எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு முந்தைய நாளுக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.