குனிய முடியாதவருக்கு எந்த ட்ரையத்லான் சைக்கிள்?

கேள்வி: வயது 43. நாள் முழுக்க நாற்காலி வேலை. குனிந்தால் விரல்கள் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். ட்ரையத்லானில் ஒலிம்பிக் தூரம் (1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம்) முடிக்க ஆசை. முன்னே படுத்து ஓட்டும் டிடி (டைம் டிரையல்) பைக்கா, வழக்கமான ரோடு பைக்கா?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கால் விரலைத் தொட முடியவில்லையே என்ற கவலையை விடுங்கள். அது முழங்கால் நீட்டியபடி செய்வது. சைக்கிளில் முழங்கால் முழுதாக நீள்வதே இல்லை. மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி நெஞ்சை நோக்கி இழுத்துப் பாருங்கள். தொடை பாதியிலேயே நின்றாலோ, தரையிலிருக்கும் மற்றக் கால் தூக்கிக்கொண்டாலோ, இடுப்பு மடங்கவில்லை என்று பொருள். பெடல் மேலே வரும்போது உங்களுக்குத் தொல்லை தருவது இதுதான்.

விறைப்பான உடம்புக்கு டிடி பைக் ஆகவே ஆகாது என்பார்கள். அது பாதி உண்மை. ரோடு பைக்கின் சீட் டியூப் (சீட்டைத் தாங்கும் ஃப்ரேம் குழாய்) 73 டிகிரி அளவில் சாய்ந்திருக்கும். டிடி பைக்கில் 76 முதல் 78 வரை நிமிர்ந்திருக்கும். உட்காரும் இடம் முன்னே போவதால் இடுப்பு விரியத்தான் செய்கிறது. சிக்கல் முன்பக்கத்தில். பல டிடி ஃப்ரேம்கள் அங்கே மிகத் தாழ்வு. ஸ்பேசர் வளையம் போட்டு ஹேண்டில்பாரை ஏற்றவும் ஓர் அளவுதான் முடியும். 40 கி.மீ. முதுகை வளைத்து ஓட்டிவிட்டு 10 கி.மீ. எப்படி ஓடுவீர்கள்?

ஆகவே நிமிர்ந்து ஓட்ட வசதியான எண்டூரன்ஸ் வகை ரோடு பைக் வாங்குங்கள். கடையில் ஸ்டாக் (பெடல் சுற்றும் மைய அச்சிலிருந்து ஃப்ரேமின் முன்தலை வரையான உயரம்), ரீச் (அதே முன்தலை வரை முன்னோக்கிய தூரம்) இரண்டு எண்களையும் கேளுங்கள். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் 1.5-க்குக் குறையக் கூடாது. 580-க்கு 380 என்றால் சரி; 545-க்கு 388 என்றால் அது பந்தய ஃப்ரேம், உங்களுக்கு வேண்டாம். உயரம் கிடைக்கிறதே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிடாதீர்கள். ரீச்சும் கூடி, கை நீட்டி நீட்டித் தோள் வலிக்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கிச் சுற்றும் கை. 172.5 மி.மீ. கிராங்குக்குப் பதில் 165 போட்டால், பெடலின் உச்சி 7.5 மி.மீ. இறங்கும். கால் நீட்சி மாறாமலிருக்க சீட்டையும் 7.5 ஏற்ற வேண்டும். ஆக, உச்சியில் முழங்காலுக்கு 15 மி.மீ. இடம் கிடைக்கிறது. யோகா வகுப்பு பல மாதம் தருவதை ஒரே நாளில் தந்துவிடும்!

மூன்று மாதம் கழித்து கிளிப்-ஆன் ஏரோபார் (ஹேண்டில்பாரில் பொருத்தி, முழங்கை ஊன்றிப் படுத்து ஓட்டும் கம்பி) மாட்டலாம். முழங்கை பேடுக்கு அடியில் ரைசர் வைத்து உயரமாகவே தொடங்குங்கள். சீட்டை 1–2 செ.மீ. முன்னே தள்ளி, சில மி.மீ. ஏற்றுங்கள், முன்னே தள்ளியதும் பெடல் கிட்டே வந்துவிடும். கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால், தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே மாட்டுங்கள். இல்லாவிட்டால் இறுக்கும்போது விரிசல் விடலாம். கடலூர்–புதுச்சேரி சாலை நெரிசலில் ஏரோபாரில் படுக்கவே வேண்டாம், பிரேக் கைக்கு எட்டாது. விடியற்காலையில் காலாப்பட்டைத் தாண்டி மரக்காணம் பக்கம் பழகுங்கள். அங்கும் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். பக்கக் காற்றைப் பிடிக்கும் ஆழமான ரிம் சக்கரம் வாங்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: ஏரோபார் மாட்டிய பிறகு ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் தண்டு) போல்ட் துருப்பிடிக்கிறது. கடல் காற்றா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: காற்றைவிட உங்கள் வியர்வை. படுத்து ஓட்டும்போது முகத்து வியர்வை நேராக அங்கேதான் சொட்டும். ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். துருவேறிய போல்ட்டை மாற்றி, மரையில் கிரீஸ் தடவி, ஸ்டெம்மில் அச்சிட்டுள்ள அளவுக்கு மட்டும் டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முடுக்குங்கள். பெரும்பாலும் அது 5 நியூட்டன் மீட்டர்.