கெட்டிமேளம் ஓடுகிறது, மாப்பிள்ளையின் கை நிற்கிறது

கேள்வி: கும்பகோணத்தில் திருமண வீடியோ எடுக்கிறேன். சென்ற ஆண்டு சோனி ஏ7 நான்காம் மாடல் கேமரா இரண்டு வாங்கினேன். அன்றிலிருந்து பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் வேலை ஓடவில்லை. பிளே செய்தால் ஒலி ஒழுங்காக வருகிறது, படம் விக்கி விக்கி நிற்கிறது. கணினி இன்டெல் ஐ7-12700எஃப், 32 ஜிபி ரேம், என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. ரேமை 64 ஆக்கி, கார்டை ஆர்டிஎக்ஸ் 4070 ஆக மாற்றினால் சரியாகிவிடும், 90,000 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். வரும் வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் வீடியோவைப் பார்க்க வருகிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திரும்பக் கேளுங்கள். அந்த 90,000 ரூபாயைக் கொட்டினாலும் மாப்பிள்ளையின் கை இப்போது நிற்கும் இடத்தில்தான் நிற்கும்.

நீங்கள் அனுப்பிய திரைப்பதிவை இரண்டு முறை பார்த்தேன். நாயனம் கெட்டிமேளத்துக்குத் தாவிவிட்டது. மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நிற்கிறது. மறுபடி படம் நகரும்போது நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் இருந்ததெல்லாம் காணோம். ஆனால் எனக்கு உதவியது அதுவல்ல. திரையின் ஓரத்தில், கணினியின் சுமையைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்திருந்தீர்கள் பாருங்கள், அதுதான். பிராசசர் 98 சதவீதத்தில் மூச்சு வாங்குகிறது. கார்டின் பக்கத்தில் 'வீடியோ டீகோட்' என்ற கோடு பூஜ்யத்தில் படுத்திருக்கிறது. வீடியோவைப் பிரித்துப் படிக்கவே கட்டிய பகுதி கார்டுக்குள் இருக்கிறது; அது சும்மா உட்கார்ந்திருக்க, வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுந்திருக்கிறது.

காரணம் எளிது. கேமரா ஒவ்வொரு படத்தையும் முழுதாக எழுதுவதில்லை. மளிகைக் கடைக் கணக்குப் புத்தகத்தில் முதல் வரியில் சரக்கின் பெயரை எழுதிவிட்டு, கீழே 'மேற்படி, மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார்களே, அப்படி. ஒரு படம் முழுதாக இருக்கும்; அடுத்தடுத்த படங்களில் மாறியது மட்டும் இருக்கும். வரிசையாகப் படித்தால் தொல்லையில்லை. எடிட் செய்கிறவர் வரிசையாகவா போகிறார்? நடுவில் குதிப்பார், பின்னால் வருவார். ஒவ்வொரு முறையும் கணினி மேலே போய் 'மேற்படி' என்றால் எது என்று தேடிக்கொண்டு வரவேண்டும். நீங்களோ நொடிக்கு 50 படம் வீதம், 4கே அளவில், இரண்டு கேமராவையும் அடுக்கிவைத்து ஒரே நேரத்தில் ஓட்டுகிறீர்கள்.

இதற்கு மேல் ஒரு வினை. உங்கள் கோப்பின் விவரத்தில் 'எச்.264, 4:2:2, 10 பிட்' என்று இருக்கிறது. எச்.264 என்பது வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை; எச்.265 அதன் அடுத்த தலைமுறை. 4:2:2 என்பது நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் முறை; 10 பிட் என்பது நிறச் சாயல்களை நுணுக்கமாகப் பதிவது. இந்த வகைக் கோப்பைப் பிரிக்கும் திறன் உங்கள் 3060 கார்டில் இல்லை. கடைக்காரர் சொல்லும் 4070இலும் இல்லை. என்விடியாவில் இந்தத் திறன் 50 வரிசைக் கார்டுகளில்தான் வந்தது. அவை விற்பனைக்கு வந்தது 2025இல். பானசோனிக் ஜிஎச்5 கேமரா 4கே 4:2:2 10 பிட்டைக் கேமராவுக்குள்ளேயே பதிவு செய்யத் தொடங்கியது 2017இல். எட்டு வருடம்! ஒரு கம்பெனி பூட்டை விற்கிறது, இன்னொரு கம்பெனி எட்டு வருடம் கழித்துச் சாவி செய்கிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் கார்டு விற்றவர்கள் '4கே எடிட்டிங்குக்கு ஏற்றது' என்றே சொல்லி விற்றார்கள். 4:2:2 வராது என்று அட்டைப்பெட்டியில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன மை தீர்ந்துவிடுமா? பிரீமியரும் சளைத்ததல்ல. அமைப்புகளுக்குள் போனால் வன்பொருள் உதவியோடு டீகோட் செய்யும் வசதிக்கு எதிரே டிக் அழகாக விழுந்திருக்கும். உங்கள் கோப்புக்கு அது வேலை செய்யவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

ரேம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 32 ஜிபி உங்கள் வேலைக்குப் போதும். சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு ரேமை இரண்டு மடங்காக்கினேன். விக்கல் நின்றபாடில்லை, பிரவுசரில் கூடுதலாக நாற்பது பக்கங்களைத் திறந்து வைக்க முடிந்தது, அவ்வளவுதான். படம் விக்குகிறது என்றால் முதலில் ரேம், அடுத்து கார்டு, பிறகு மொத்தக் கணினி என்பது கடைகளில் மனப்பாடமாகிவிட்ட பாட்டு. எந்தக் கோப்பு என்று கேட்கிற கடைக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்களிடம் எஃப் எழுத்துள்ள பிராசசரைத் தலையில் கட்டியவரும் அந்த வகைதான். இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. எஃப் இல்லாத அதே 12700க்கும் இதற்கும் இன்டெல் அறிவித்த விலை வித்தியாசம் 25 டாலர். அந்தக் காசை மிச்சம் பிடித்ததாகச் சொல்லி, எச்.265இல் வரும் 4:2:2 கோப்புகளைத் தானே பிரிக்கும் திறனை எடுத்துவிட்டார்கள். விளையாட்டுக்காகக் கணினி வாங்குகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. வீடியோ வேலைக்கு என்று கேட்டு வந்தவருக்கு இதைக் கொடுப்பது அநியாயம்.

அப்படியானால் எஃப் இல்லாத பிராசசரை மாற்றிப் போட்டுக்கொள்ளலாமே என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். இங்கேதான் பலர் இரண்டாவது முறை பணத்தை விடுகிறார்கள், ஆகவே நிதானமாகப் படியுங்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் பகுதி 4:2:2 10 பிட்டைப் பிரிக்கும் என்பது உண்மை. ஆனால் அது எச்.265 கோப்புக்கு மட்டும். எச்.264இல் வரும் 4:2:2 10 பிட்டை, உங்கள் கணினியில் பொருந்தும் எந்தப் பிராசசரிலும் அது தொடாது. உங்கள் கேமராவில் பதிவு முறைகள் ஒரே மாதிரிப் பெயரோடு வரிசையாக நிற்கும். 'எக்ஸ்ஏவிசி எச்எஸ்' என்பது எச்.265. 'எக்ஸ்ஏவிசி எஸ்' என்பது எச்.264. நடுவில் ஓர் 'எச்' கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். நீங்கள் எடுத்திருப்பது எஸ். ஆக, எஃப் இல்லாத பிராசசர் இருந்திருந்தாலும் இந்தத் திருமணத்துக்கு அது உதவியிருக்காது. இணையத்தில் 'இன்டெல் போட்டேன், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது' என்று ஒருவர் சத்தியம் செய்வார். இன்னொருவர் 'அதே பிராசசர்தான், எனக்கு ஓடவில்லை' என்று சண்டைக்கு வருவார். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒருவர் எச்எஸ், மற்றவர் எஸ். யார் பேச்சையும் நம்பாமல், மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். ஏவிசி என்று காட்டினால் எச்.264, எச்ஈவிசி என்று காட்டினால் எச்.265.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஒரு பைசா செலவில்லாத வழி பிராக்ஸி. பெரிய கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் இலகுவான நகல் ஒன்றைச் செய்து, எடிட்டிங்கை அந்த நகலில் நடத்துவது. கடைசியில் வெளியிடும்போது பிரீமியர் தானாகவே அசல் கோப்புக்குப் போய்விடும், தரம் குறையாது.

புராஜெக்ட் பகுதியில் எல்லா கிளிப்புகளையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்யுங்கள். 'பிராக்ஸி', அதற்குள் 'கிரியேட் பிராக்ஸீஸ்'. வடிவம் குயிக்டைம், வகை புரோரெஸ் பிராக்ஸி, அளவு பாதி. பட்டியலில் எச்.264 வகையும் இருக்கும். கோப்பு சிறியதாகும் என்று ஆசைப்பட்டு அதைத் தொடாதீர்கள், மறுபடி அதே 'மேற்படி' கணக்குத்தான். புரோரெஸில் ஒவ்வொரு படமும் முழுதாக இருக்கும். அதனால் இடம் கேட்கும்: 1080 அளவில், நொடிக்கு 50 படம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 34 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்த்து எட்டு மணி நேரப் பதிவு என்று எழுதியிருக்கிறீர்கள். 300 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக விலை உயர்ந்த எஸ்எஸ்டி எதையும் வாங்க வேண்டாம். இரண்டு பிராக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடினால் நொடிக்கு 20 எம்பிகூட ஆகாது. பழைய ஹார்டு டிஸ்கே தாங்கும்.

இரவு படுக்கப் போகுமுன் ஆரம்பித்துவிடுங்கள். நகல் செய்யும் துணை மென்பொருளான மீடியா என்கோடர் வரிசையாகச் செய்துகொண்டிருக்கும். மறக்காமல் விண்டோஸ் தானாக உறங்கிவிடும் அமைப்பை அணைத்துவையுங்கள். காலையில் எழுந்து பார்த்தால் மூன்று கிளிப்போடு நின்றுபோயிருந்தது என்று என்னிடம் அழுதவர்கள் ஏராளம்.

முடிந்தபின் புரோகிராம் மானிட்டருக்குக் கீழே வலது மூலையில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி, 'டாகிள் பிராக்ஸீஸ்' பொத்தானைக் கீழே இழுத்து வையுங்கள். அது நீலமாக இருந்தால்தான் நகல் ஓடுகிறது என்று பொருள். நகலைச் செய்துவிட்டு இந்தப் பொத்தானை அழுத்தாமல் 'பிராக்ஸியும் உதவவில்லை' என்கிறவர்கள் பாதிப் பேர்.

பிளேபேக் ரெசல்யூஷனைக் கால் பங்காகக் குறைத்தும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எஃபெக்ட் சுமையைக் குறைக்கும். இந்த மாதிரிக் கோப்பைப் பிரிக்கும் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இன்னொன்று. கடைக்காரர் போட்டுக்கொடுத்த பிரீமியர் காசு கொடுத்து வாங்கியதா? கேட்கவே சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். திருட்டுப் பதிப்பு என்றால் அது எந்த வருடத்தில் உடைத்ததோ அந்த வருடத்திலேயே நின்றுவிடும். நாளை 50 வரிசைக் கார்டு வாங்கினாலும் அதன் 4:2:2 திறனைப் பயன்படுத்தப் புதிய பதிப்பு வேண்டும். பழையதை வைத்துக்கொண்டு புதுக் கார்டு போட்டால் மறுபடி இதே விக்கல், மறுபடி இதே கடை.

அடுத்த முகூர்த்தத்திலிருந்து கேமராவில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். நலங்கு, ஊஞ்சல், சாப்பாட்டுப் பந்தி எல்லாவற்றையும் எதற்காக 50 படத்தில் எடுக்கிறீர்கள்? மெதுவாக ஓட்டப்போகும் காட்சிகளை மட்டும் 50இல் எடுங்கள். உங்கள் மாடலில் 4கே 50 என்றாலே படத்தின் ஓரம் வெட்டுப்படுகிறது, மண்டபத்தில் பின்னால் நகர இடமில்லாதபோது அது வேறு தொல்லை. மற்றவற்றுக்கு 25 படம், 8 பிட், நிற விவரம் குறைவாக உள்ள 4:2:0 போதும். அதை உங்கள் 3060 சிரமமின்றிப் பிரிக்கும். எஸ்-லாக்கில் (பின்னால் நிறம் திருத்துவதற்காகவே மங்கலாகப் பதியும் முறை) எடுத்து நிறம் திருத்துகிறவர் 10 பிட்டை விடக்கூடாது, ஆனால் நீங்கள் அனுப்பிய காட்சியில் எஸ்-லாக் இல்லை.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டாரை டைம்லைனுக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். வியாழன் இரவே 1080 அளவில் ஒரு எச்.264 கோப்பாக வெளியிட்டு, பென் டிரைவில் போட்டு, டிவியில் ஓட்டுங்கள். திருத்தம் சொன்னால் நேரத்தைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.