ஒன்பது கண்டுபிடிக்காத தப்பு

கேள்வி: டீச்சர், பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் ஒரு கணக்கு கொண்டுவந்தாள். 193707721 × 761838257287 = 147573952589676412927. போன் கால்குலேட்டரோ 1.4757 என்று ஆரம்பித்துப் பாதி இலக்கங்களை விழுங்கிவிடுகிறது. இது சரியா என்று கையாலேயே பார்க்க வழியுண்டா? இந்த எண்ணில் அப்படியென்ன விசேஷம்?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: இங்கே கோத்தகிரியில் ஐப்பசி மழை, கரண்ட் இல்லை. நானும் கையால்தான் போட்டேன் அம்மா. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 21 இலக்கம் அடங்கவில்லை. தேயிலைக் கொழுந்து எடை எழுதிய அப்பாவின் பழைய நோட்டில் வெற்றுப் பக்கம் இருந்தது, அதில் போட்டேன்.

பயப்படும் அளவுக்கு வேலை இல்லை. சின்ன எண்ணில் 7 மூன்று தடவை வருகிறது. பெரிய எண்ணை 7-ஆல் ஒருமுறை பெருக்கி (5332867801009) மூன்று வரிகளில் இடம் தள்ளி எழுதிக்கொள்ளலாம்.

கூட்டி முடித்ததும் அப்பா வழக்கப்படி ஒன்பதைத் தள்ளிப் பார்த்தேன்: ஒவ்வோர் எண்ணின் இலக்கங்களையும் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டி, பெருக்கலும் விடையும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அது 10, அது 1. அடுத்தது 64, அதுவும் 1. பெருக்கினால் 1. என் விடையிலும் 1. சரி என்று டீ போட எழுந்துவிட்டேன்.

விடையில் 20 இலக்கம்தான் இருந்தது! நடுவில் வரும் 0-க்கு ஓர் இடம் தள்ள மறந்திருக்கிறேன். 0 போனாலும் இலக்கங்களின் கூட்டுத்தொகை மாறாதே, ஒன்பதுக்கு எப்படித் தெரியும்? அப்பாவும் இப்படி மாட்டியிருக்கிறார். சிட்டில் 63 கிலோ, நோட்டில் 36. ஒன்பது தள்ளினால் இரண்டும் ஒன்றுதான். கொழுந்து போட்டவர் வந்து நின்றபிறகே தெரிந்தது.

அதனால் பதினொன்றும் போடுங்கள். வலது கோடியிலிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழிக்க வேண்டும். முதல் எண்ணுக்கு −13 வரும், 11-இன் மடங்கான 22 சேர்த்தால் 9. இரண்டாவதற்கு 8. 9 × 8 = 72, 11-ஆல் வகுத்தால் மீதி 6. உங்கள் 21 இலக்க எண்ணுக்கு 17 வரும், மீதி 6. பொருந்துகிறது. என் தப்பு விடைக்கு மீதி 0 வந்தது. இரண்டு சோதனையும் தேறினாலும் முழு நிரூபணம் ஆகாது, அதனால் வரியைத் திருத்தி மறுபடி கூட்டினேன். மகளின் கணக்கு சரிதான்.

விசேஷம் கேட்டீர்கள். அந்த எண், 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைவு. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதைப் பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது) என்று எழுதிவைத்தார். 1876-இல் லூக்காஸ், இது பகா எண் அல்ல என்று காட்டினார், ஆனால் காரணி ஒன்றைக்கூடச் சொல்லாமல்! பிரியும் என்று தெரிந்தும் எப்படிப் பிரியும் என்று தெரியாமல் 27 வருஷம். 1903 அக்டோபரில் அமெரிக்காவில் கோல் என்பவர்தான் இந்த இரண்டு காரணிகளையும் வெளியிட்டார். வாய் திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று கதை சொல்வார்கள். காரணிகளைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஆயிற்றாம்.

கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டியதில்லை. இந்த எண்ணின் எந்தக் காரணியிலும் 1 கழித்தால் 134-ஆல் (67-இன் இரட்டிப்பு) மீதியின்றி வகுபடும். முதல் காரணிக்கு ஈவு 14,45,580. இரண்டாவதை மகளுக்கு விட்டுவைத்திருக்கிறேன், விடையைக் கார்டில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.