எண்ணெய்க் கப்பலில் பராமரிப்பு வேலைகளை நிர்வகிக்க எந்த மென்பொருள் நல்லது?

எக்செல்லில் சமாளித்துக்கொண்டிருக்கிறோம், இனி மாக்ஸிமோவா, எஸ்ஏபியா, அமோஸா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றில் எதை வாங்கினாலும் முதல் ஆண்டு முழுக்க அதைத் திட்டத்தான் போகிறீர்கள். கடலில் நின்றபடியே எண்ணெயைப் பிரித்துச் சேமிக்கும் எஃப்.பி.எஸ்.ஓ. கப்பல்களில் பராமரிப்புப் பொறியாளராகக் காலம் தள்ளியவன் நான். மென்பொருள் எதுவாகவும் இருக்கட்டும். அதற்குள் ஏற்றப்போகிற டேக் பட்டியல், அதாவது கருவிகளின் அடையாள எண் பட்டியல், சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒவ்வொரு பம்புக்கும் வால்வுக்கும் மீட்டருக்கும் ஒரு டேக் எண் உண்டு. வேலை ஆணை, உதிரிபாகம், வரைபடம், பெர்மிட் என்கிற வேலை அனுமதிச் சீட்டு, கப்பலின் தரத்தைச் சான்றளிக்கும் அமைப்பு நடத்தும் கிளாஸ் சர்வே எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகின்றன. பழைய டேங்கரை மாற்றிக் கட்டிய கப்பலாக இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. இயந்திர அறைக்கு ஒரு எண் முறை இருக்கும், மேல்தளத்தில் புதிதாக ஏற்றிய பதப்படுத்தும் பகுதிக்கு வேறொரு முறை இருக்கும்.

நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் ஏ, பி என்று இரண்டு கடல்நீர் பம்புகள். பட்டியலில் இரண்டும் ஒரே மாடல். பி பம்பின் சீல், அதாவது தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பாகம், ஒழுகத் தொடங்கியது. ஸ்டோரில் சீல் இல்லை. ஆர்டர் போட்டு, மூன்று வாரம் கழித்து ஹெலிகாப்டரில் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்து மாட்டிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடுகிறது. தண்டு 5 மி.மீ. மெலிந்தது! கப்பல் கட்டும் தளத்திலேயே அந்தப் பம்பை வேறு மாடலாக மாற்றி, வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்தும் வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பு பட்டியலுக்கு வந்து சேரவே இல்லை. பெயர்ப்பலகை மேல் அடித்திருந்த பெயின்ட்டைச் சுரண்டிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது.

அதனால் பணம் கட்டும் முன், பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 50 டேக்குகளை எடுங்கள். டார்ச்சும் துணியுமாகக் கப்பலைச் சுற்றி வந்து பெயர்ப்பலகைகளோடு ஒப்பிடுங்கள். ஐந்துக்கு மேல் பொருந்தவில்லை என்றால் விற்பனையாளரை வாசலிலேயே காத்திருக்கச் சொல்லுங்கள்.

காகிதத்தைவிடக் கணினி உண்மையிலேயே மேல் என்று நான் அடித்துச் சொல்வது பெர்மிட் விஷயத்தில்தான். வட கடலில் 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஒரே பம்ப் தொடர்பாக அன்று இரண்டு பெர்மிட்டுகள் இருந்தன. ஒன்று பம்பின் பராமரிப்புக்கு, மற்றொன்று அதன் பாதுகாப்பு வால்வுக்கு. வால்வைக் கழற்றிய இடத்தில் வெறும் மூடித் தகடுதான் இருந்தது. இரவு ஷிஃப்ட்காரர்களுக்கு முதல் பெர்மிட் தெரியும், இரண்டாவது தெரியாது. மாற்றுப் பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள், மூடித் தகட்டு வழியே கசிந்தது தீப்பிடித்தது. ஆகவே எந்த மென்பொருளைக் காட்டினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு பம்பின் மீது ஒரு பெர்மிட்டையும், அதன் வால்வின் மீது இன்னொன்றையும் திறந்துவிட்டு, பம்பை ஓட்ட அனுமதி கேளுங்கள். திரை சத்தம் போடாவிட்டால் அது அலங்காரப் பொருள். பெர்மிட் கணினிக்கு வந்ததும், வேலையிடத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் நாற்காலியிலிருந்தே கையெழுத்துப் போடும் வழக்கமும் கூடவே வந்துவிடும். அதற்கு மென்பொருளில் மருந்தில்லை.

மென்பொருளின் சுருக்கத் திரையான டாஷ்போர்டு பச்சையாக இருந்தால் நம்பாதீர்கள். திட்டமிட்ட பராமரிப்பு 98 சதவீதம் முடிந்தது என்று காட்டும். உள்ளே போய்ப் பார்த்தால் நாற்பது வேலைகள் மாதக் கடைசி இரவில் மூடப்பட்டிருக்கும், எல்லாவற்றுக்கும் ஆன நேரம் சரியாக இரண்டு மணி நேரம். திரையில் நேரம் எழுதும் கட்டத்தில் முன்கூட்டியே நிரம்பியிருந்த இலக்கத்தை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

கரையில் அழகாக ஓடிக் காட்டுவது கடலில் நொண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் திறக்க இருபது முறை போய்வரும் மென்பொருள் என்றால் ஒவ்வொரு கிளிக்குக்கும் பத்து நொடி காத்திருக்க வேண்டும். தாழ்வாகச் சுற்றும் புதிய செயற்கைக்கோள்கள் வந்தபின் நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் இணைப்பு அறுந்தால் கப்பலிலுள்ள சர்வர் தனியாக ஓடுமா, மீண்டும் இணையும்போது கரையும் கப்பலும் ஒரே உதிரிபாகத்தைத் திருத்தியிருந்தால் எது நிற்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

டேப்லெட் வாங்கும் ஆசை இருக்கும். எரிவாயு கசியக்கூடிய பகுதிக்குச் சாதாரண டேப்லெட்டைக் கொண்டுபோக முடியாது, வெடிப்பைத் தூண்டாது என்று சான்று பெற்றது வேண்டும். அது கனம், விலையும் அதிகம். எண்ணெய்க் கையுறையோடு தொட்டால் பெரும்பாலும் அசையாது. எங்கள் ஃபிட்டர்கள் அளவுகளை அட்டைத் துண்டில் எழுதிவந்து, மாலை ஆறு மணிக்குத் தட்டச்சு செய்தார்கள். பத்துக்குப் பதில் இரண்டு வாங்கிப் பாருங்கள்.

அந்தச் சீல் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். கணினியில் இருப்பு 1, பொருந்தும் டேக்: பி பம்ப்.