பிரான்ஸில் ஓவியம் படிக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாரிஸில் ஒரு தனியார் கலைப்பள்ளி, ஐந்து ஆண்டு முடிவில் ‘மாஸ்தேர்’ தருகிறோம் என்கிறது. நம்பிச் சேரலாமா?

பள்ளியின் பெயர் கிடக்கட்டும், பட்டத்தின் பெயரைப் பாருங்கள். ‘மாஸ்டர்’ என்பது அரசு அங்கீகரித்த பட்டம். ‘மாஸ்தேர்’ அப்படியல்ல. பிரெஞ்சில் கடைசியில் ஓர் எழுத்து கூடும், அவ்வளவுதான். அதை யார் வேண்டுமானாலும் தலைப்பாகப் போட்டுக்கொள்ளலாம். ‘ஆர்.என்.சி.பி. பதிவு உண்டு’ என்று விளம்பரத்தில் இருந்தால், அது தொழில்தகுதிப் பதிவேட்டில் இடம்பெற்ற சான்று என்று பொருள். வேலைக்கு உதவலாம், ஆனால் அந்தப் பதிவு மட்டும் முதுகலைப் பட்டத்துக்கு ஈடாகாது.

அரசுக் கலைப்பள்ளிகள் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் இரண்டே பட்டங்கள்: மூன்றாம் ஆண்டு முடிவில் டி.என்.ஏ. (இளங்கலைத் தகுதி), ஐந்தாம் ஆண்டு முடிவில் டி.என்.எஸ்.இ.பி. (முதுகலைத் தகுதி). கட்டணம் பொதுவாக ஆண்டுக்குச் சில நூறு யூரோவிலிருந்து தொடங்கும். தனியாரில் பல ஆயிரம்.

பென்சிலில் நடிகர்களின் முகங்களை அச்சு அசலாக வரைவேன். போர்ட்ஃபோலியோவுக்கு அவை போதுமா?

போதாது. அதிகமானோர் வழுக்கி விழும் இடமே இதுதான். ஒளிப்படத்தைப் பார்த்து வரைந்த முகம் உங்கள் கைத்திறனைக் காட்டும்; எதைக் கவனிக்கிறீர்கள், ஏன் வரைகிறீர்கள் என்பதைக் காட்டாது. தேர்வுக் குழு தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

15 முதல் 20 படைப்புகள் வரை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரே பொருளைத் தொடர்ந்து துரத்திய வரிசை ஒன்றாவது இருக்கட்டும்: உங்கள் தெருவின் சுவர்களோ, பாட்டியின் சமையலறையோ எதுவானாலும் சரி. ஸ்கெட்ச் புத்தகத்தின் பக்கங்களைக் கறையோடும் அடித்தல் திருத்தலோடும் சேருங்கள். சுத்தமாகப் பிரதியெடுத்த ஸ்கெட்ச் புத்தகத்தைக் குழுவினர் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அளவு, ஊடகம், ஆண்டு எழுதுங்கள். படமெடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். எண்ணெய் வண்ணத்தில் ஒளித்திட்டு விழும். நிழலான வாசலில் பகல் வெளிச்சமே போதும்.

நேர்காணலில் “இதை ஏன் செய்தீர்கள்?” என்று கேட்பார்கள். “அழகாக இருந்தது” என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இங்கே பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) நான்கு ஆண்டு முடித்திருக்கிறேன். மறுபடி முதலாம் ஆண்டிலிருந்தா?

தேவையில்லை. டி.என்.ஏ.வுக்கு 180 கிரெடிட், டி.என்.எஸ்.இ.பி.க்கு 300 என்பது கணக்கு. வெளியே படித்ததை எடைபோடும் பள்ளியின் ‘சமநிலைக் குழு’ முன் உங்கள் மதிப்பெண் பட்டியலையும் படைப்புகளையும் வைத்து நான்காம் ஆண்டுக்கு நேரடியாகக் கேட்கலாம். ஆனால் எந்த ஆண்டில் சேர்ப்பது என்பதைக் குழுதான் முடிவுசெய்யும். ஓர் ஆண்டு கீழே இறக்குவதும் உண்டு. அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மொழி பழக அந்த ஓராண்டு உதவும்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் சமாளிக்க முடியாதா?

அரசுப் பள்ளிகளில் கடினம். பெரும்பாலும் பிரெஞ்சில் பி2 நிலை, அதாவது சரளமாக விவாதிக்கும் அளவு, கேட்கிறார்கள். செமஸ்டர் முடிவில் ‘அக்ரொஷாஜ்’ நடக்கும்: படைப்புகளைச் சுவரில் மாட்டி, ஆசிரியர்கள் முன் நின்று வாயால் விளக்க வேண்டும். தேர்வின் பெரும்பகுதியே பேச்சுதான். அடிப்படையிலிருந்து பி2-க்கு ஏறக்குறைய 600 மணி நேரப் படிப்பு ஆகும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் உண்டு. டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் நான்கு பகுதிகளில் எதிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. டெல்ஃப் சான்று ஆயுளுக்கும் செல்லும், டி.சி.எஃப். என்ற மற்றொரு பிரெஞ்சுத் தேர்வின் சான்று இரண்டு ஆண்டுக்குத்தான்.

விசாவுக்கு வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்?

மாதம் 615 யூரோ, ஆண்டுக்கு 7,380. இது காகிதத்துக்கான தொகை. பாரிஸ் வாடகைக்கு இது காணாது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். போய் இறங்கிய மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த மறந்தால் சிக்கல்.

லூவ்ர் பள்ளியில் ஓவியம் கற்றுத்தருவார்களா?

இல்லை. 1882-இல் தொடங்கிய எக்கோல் து லூவ்ர் கலை வரலாறும் அருங்காட்சியகவியலும் கற்பிக்கும் இடம். தூரிகைக்கு அங்கே வேலையில்லை.

பட்டமே வேண்டாம், பாரிஸில் சில வாரம் மாடலை வைத்து வரைந்து பழக வேண்டும்.

மோம்பர்னாஸில் உள்ள அகாதெமி த லா கிராந்த் ஷோமியேர் இதற்கென்றே இருக்கிறது. 1904-இல் தொடங்கியது; ஓவியர் அம்ரிதா ஷெர்கில் எக்கோல் தே பொஸார் என்ற பாரிஸ் நுண்கலைப் பள்ளிக்குப் போகுமுன் படித்த இடம். ‘குரோக்கி’ (விரைவுக் கோட்டோவியம்) அமர்வில் ஆசிரியர் திருத்த மாட்டார். மாடல் சில நிமிடத்துக்கொரு முறை நிலை மாற்றுவார், நீங்கள் வரைந்துகொண்டே போக வேண்டும். ஈசல் எனும் ஓவியத் தாங்கியைவிட மடியில் வைக்கும் பலகையும், வேகமாக ஓடும் கரித்துண்டும் கொண்டுபோங்கள்.