பழங்குடி உரிமையும் ஐ.நா.வும்: கேட்டவையும் பதில்களும்

உலகப் பழங்குடிகள் நாளை ஒட்டி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஏன் ஆகஸ்ட் 9? (கல்லூரி மாணவி, மதுரை)

1982-இல் அன்றைக்குத்தான் பழங்குடிகளுக்கான ஐ.நா. பணிக்குழு ஜெனீவாவில் முதன்முதலாகக் கூடியது. அவ்வளவுதான் அம்மா.

இதெல்லாம் ஐ.நா. தானாகக் கொடுத்ததா, அவர்கள் கேட்டு வாங்கியதா? (ஆசிரியர், கோத்தகிரி)

கேட்டார்கள் சார், தலைமுறைக் கணக்கில் கேட்டார்கள். கனடாவிலிருந்து கயூகா இனத் தலைவர் தேஸ்காஹே 1923-இல் ஜெனீவா போனார். கையில் கனடா பாஸ்போர்ட் இல்லை, தம் மக்களின் கூட்டமைப்பு வழங்கியதுதான் இருந்தது. கனடா எங்கள் ஆட்சியில் தலையிடுகிறது, விசாரியுங்கள் என்று ஐ.நா.வுக்கு முன்னோடியான அன்றைய சர்வதேச சங்கத்திடம் முறையிட்டார். அயர்லாந்து, பனாமா, பாரசீகம், எஸ்தோனியா நான்கும் ஆதரவாக நின்றன. பிரிட்டன் குறுக்கே விழுந்து தடுத்தது. அவருக்குப் பேச வாய்ப்பே தரவில்லை. 1925-இல் இறந்துபோனார்.

1982-இல் வந்த பணிக்குழுவில்தான் நிலைமை மாறியது. வழக்கமான ஐ.நா. அங்கீகாரம் இல்லாத ஊர்க்காரரும் அங்கே வந்து பேச முடிந்தது. வழிச்செலவுக்கு 1985-இல் ஒரு நிதியும் ஏற்படுத்தினார்கள். இலங்கை வேடர்களின் தலைவர் 1996-இல் அங்கே போய், மாதுரு ஓயா தேசியப் பூங்காவுக்காகத் தம் மக்கள் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதைச் சொன்னார். அப்படி வந்தவர்கள் அரசுப் பிரதிநிதிகளோடு ஒரே அறையில் உட்கார்ந்து, வரிக்கு வரி மல்லுக்கட்டியதன் பலன்தான் பழங்குடி உரிமைகள் பற்றிய ஐ.நா.வின் 2007 பிரகடனம்.

அந்தப் பிரகடனத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டதா? (வழக்கறிஞர், தருமபுரி)

பிரகடனத்துக்குக் கையெழுத்து கிடையாது, வாக்குதான். ஆதரவு 144, எதிர்ப்பு 4, நடுநிலை 11. எதிர்த்த நான்கும் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. நான்கும் வெளியிலிருந்து குடியேறியவர்கள் பழங்குடிகளின் நிலத்தில் எழுப்பிய நாடுகள்; ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பின்னர் நான்கும் மனம் மாறின. இந்தியா ஆதரித்தது, ஆனால் எங்கள் நாட்டில் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்ற பழைய பல்லவியோடு. அப்படிச் சொல்லிவிட்டால் யாருக்கும் தனியாக எதுவும் தரவேண்டாம் பாருங்கள்.

பிரகடனம் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. சட்டமாகக் கட்டுப்படுத்துவது, பழங்குடிகள் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆம் உடன்படிக்கை. ஏற்றவை 24 நாடுகள், தெற்காசியாவில் நேபாளம் மட்டும். இந்தியா 1958-இல் ஏற்ற பழைய 107-ஆம் உடன்படிக்கையிலேயே நிற்கிறது. பழங்குடிகளை மெல்ல மற்றவர்களோடு கரைத்துவிட வேண்டும் என்று நினைத்த காலத்தின் ஆவணம் அது.

போலீஸ் இல்லாத சட்டத்தால் என்ன பயன்? (பலர்)

நியாயமான கேள்வி. ஒடிசாவின் நியம்கிரி மலையை எடுத்துக்கொள்வோம். அங்கே வாழும் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களுக்கு அது அவர்கள் தெய்வம் நியம் ராஜா குடியிருக்கும் மலை. வேதாந்தா என்ற சுரங்க நிறுவனத்துக்கு அது பாக்சைட், அதாவது அலுமினியத் தாது. மலையடிவாரத்து லாஞ்சிகரில் அலுமினா ஆலையைக் கட்டிவிட்டுத் தாதுக்காகக் காத்திருந்தார்கள்.

உள்ளூரில் போராட்டம் நடந்தபோதே வெளியிலும் கதவுகள் தட்டப்பட்டன. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-இல் தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. வேதாந்தா அப்போது லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த நிறுவனம் என்பதால், பிரிட்டன் அரசிடமே புகார் போனது. அந்த மக்களிடம் நிறுவனம் முறையாகக் கலந்து பேசவில்லை என்று 2009-இல் பிரிட்டன் சொன்னது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபையும் பங்குகளை விற்றது.

இதனால் மட்டும் சுரங்கம் நின்றுவிடவில்லை. முடிச்சை அவிழ்த்தது நம் வன உரிமைச் சட்டம், 2006. கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னாட்டு உடன்படிக்கைகளும் அதில் எடுத்துப் பேசப்பட்டன. 12 ஊர்களில், மாவட்ட நீதிபதி நிலையிலான அலுவலர் முன்னிலையில், ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. ஜெனீவாக் காகிதம் தனியாக எதையும் நிறுத்தாது. உள்ளூர்ச் சட்டமும் உள்ளூர் ஆட்களும் இருக்கும் இடத்தில் கூடுதல் பலம் தரும். என் கருத்து இதுதான்.

தீர்ப்பு வந்தும் அரசு மதிக்காவிட்டால்? (அதே வழக்கறிஞர்)

அதுவும் நடக்கிறது. கென்யாவின் மாவ் காட்டு ஓகியெக் பழங்குடி மக்கள், காட்டைவிட்டு வெளியேற்றுவதை எதிர்த்து ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்தில் 2017-இல் வென்றார்கள், 2022-இல் இழப்பீட்டுத் தீர்ப்பும் வாங்கினார்கள். 2023 நவம்பரில் மறுபடியும் வெளியேற்றம்.

ஏழை நாடு என்று சமாதானம் சொல்ல வேண்டாம். 169-ஐ முதலில் ஏற்ற, வேதாந்தாவிலிருந்து பணத்தை எடுத்த அதே நார்வேயில், ஃபோசென் பகுதிக் காற்றாலைகள் அங்குள்ள பழங்குடிகளான சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் உரிமையை மீறுகின்றன என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2021-இல் சொன்னது. காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. 2023-இல் சாமி இளைஞர்கள் அமைச்சகங்களின் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் பிரதமர் மன்னிப்புக் கேட்டார்.

நம் பக்கத்து மலையில் ஏதாவது உதாரணம் உண்டா? (சித்த மருத்துவர், நாகர்கோவில்)

உண்டு, அகத்தியமலை. 1987-இல் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் மூச்சு வாங்க, கூட வந்த காணிக்காரர்கள் (அந்த மலையின் பழங்குடிகள்) ஒரு சின்னப் பழத்தைத் தின்றுவிட்டுச் சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து வந்த ஜீவனி மருந்துக்கு, கோவை ஆயுர்வேத நிறுவனம் கொடுத்த உரிமத்தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஒப்பந்தமானது. இப்படிப் பயனைப் பங்கிடுவதற்கான பன்னாட்டு ஒப்பந்தமான நாகோயா நெறிமுறை 2010-இல்தான் வந்தது. மரபறிவின் மூலத்தைக் காப்புரிமை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும் என்ற உலக ஒப்பந்தம் 2024-இல்.

எங்கள் ஊர்ப் பிரச்சினையை ஐ.நா.வுக்கு எழுதலாமா? (தொண்டு நிறுவன ஊழியர், கூடலூர்)

தாராளமாக. பழங்குடி உரிமைக்கான சிறப்பு அறிக்கையாளருக்கு (ஐ.நா. நியமிக்கும் தனி நிபுணர்) இணையவழியில் யாரும் எழுதலாம், நீதிமன்றம் எல்லாம் ஏறி முடித்திருக்க வேண்டியதில்லை. எந்த ஊர், என்ன நடந்தது, எந்தத் தேதி என்று தெளிவாக எழுதுங்கள், பாதிக்கப்பட்டவர்களின் சம்மதத்தோடு. அவர் அரசுக்குக் கடிதம் எழுதினால், சுமார் 60 நாளில் அது பொதுவில் வெளியாகிவிடும். அதற்கு முன்னால் ஒன்று தம்பி: வன உரிமைச் சட்டப்படி கிராம சபைத் தீர்மானம் போட்டு, நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.